பதினொரு ஆம்பியர்

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. டயர் கடையை ஒட்டிய சந்துக்குள் நுழைந்தால் தகரக்கூரை போட்ட நீளமான ஓர் அறை. இரண்டு கார்கள் நிற்கலாம்; மூன்றாவது வந்துவிட்டால் முதலாவது வெளியே போக முடியாது. கார்களின் மின்சாரக் கோளாறுகளைப் பார்ப்பது அவர் தொழில். இருபத்தாறு வருடங்களாக அதே அறை, அதே முக்காலி. வண்டிக்கு என்ன என்று கேட்டால் "தெரியலை" என்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். அதனால் டயர் கடைக்காரர் அவருக்குத் தெரியலையார் என்று பட்டம் கட்டிவிட்டார். பட்டம் ஊருக்குப் பிடித்துப்போய், வீட்டு மின்கட்டண ரசீதைக் கொண்டுவந்து தருபவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவரைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. அவரைவிட வேகமாக வேலை பார்க்கிறவர்கள் அந்தத் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் ஒரு பாகத்தை மாற்றிப் பார்ப்பார்கள், சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றுவார்கள். இவர் அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற மாட்டார். அது நேர்மை என்பதைவிடப் பிடிவாதம் என்றே எனக்குத் தோன்றியிருக்கிறது. ஆனாலும் அந்த அறையின் பின்சுவரைப் பார்த்தவர்களுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். கெட்டுப்போன சென்சார்களை வரிசையாக ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருப்பார். செத்துப்போனவற்றுக்கு அங்கே இடமில்லை. உயிரோடு இருந்துகொண்டு பொய் சொன்னவை மட்டும்தான். 'குளிர்ந்த என்ஜினைக் கொதிக்கிறது என்றது.' 'டேங்க் காலியான பிறகும் பாதி இருக்கிறது என்றது.' 'நின்ற சக்கரத்தை ஓடுகிறது என்றது.' அட்டைகளில் பென்சிலால் எழுதியிருக்கும். பிற்பகலில் வெயில் தகர ஓட்டை வழியாக அந்தச் சுவரில் விழும்போது, அங்கே நிற்பவருக்குப் பேச்சு கொஞ்சம் குறையும்.

அவருக்கு வந்த வேலைகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது அவர் மைத்துனன் ஓட்டிய வண்டி. மனைவியின் தம்பி. அமரர் ஊர்தி ஓட்டுகிறவன். பின்பக்கம் குளிர்பெட்டி பொருத்திய வேன் அது. மருத்துவமனையிலிருந்து உடலை ஏற்றிக்கொண்டு சொந்த ஊர் எதுவோ அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும். இரண்டு வருடமாக அதுதான் அவன் பிழைப்பு.

அதற்கு முன்னால் அவன் ஐந்து மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தான். அணைத்து வைத்த ரேடியோவில் யாரோ பேசுவது கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மாத்திரைகளும் அக்காவும் சேர்ந்து அவனை வெளியே கொண்டுவந்தார்கள். இப்போது மறுபடியும் ஒன்று சொல்ல ஆரம்பித்திருந்தான். பின்னால் உடல் இருக்கும்போது மட்டும் வண்டி வழியில் சாகிறது. உடல் இல்லாமல் வெறும் வண்டியாக ஓட்டினால் சாவதில்லை.

வண்டியின் முதலாளி சிரித்தார். அவர் வழக்கமாகக் கொடுக்கும் பட்டறையில் இரண்டு முறை பேட்டரி மாற்றினார்கள், ஒருமுறை, என்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்புகிற ஆல்டர்னேட்டரை. அதற்கும் அடுத்த தடவை வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பு பதிவாகியிருந்தது: பேட்டரி கரண்ட் சென்சார் நம்பத்தகாத அளவு காட்டுகிறது. அதையும் புதிதாக மாற்றினார்கள். அடுத்த உடலோடு போனபோது, ஊருக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது, வண்டி மறுபடியும் நின்றது. மனநல மருத்துவர், மைத்துனன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்து படுக்கையில் சேரட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்தது அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. வண்டியில் கோளாறு இருந்தால் அவன் நலமாக இருக்கிறான். இல்லையென்றால் திங்கட்கிழமை அந்த வார்டுக்குத் திரும்பிப் போகிறான். வீட்டில் யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெரியலையார் முதலில் அவனை உட்காரவைத்து விவரம் கேட்டார். அவன் ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினான். புது சென்சார் போட்ட பிறகு உடலோடு ஆறு பயணம். நான்கில் வண்டி நின்றது. நிற்காத இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த சின்னப் பயணங்கள். உடல் இல்லாமல் பதினொரு பயணம். ஒன்றிலும் நிற்கவில்லை. படித்துவிட்டு அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கலங்கிப்போனவன் இப்படிக் குறித்து வைக்க மாட்டான் என்று அவருக்குப் பட்டது. அதை அவர் சொல்லவில்லை. அளக்காததைச் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

வியாழக்கிழமை வண்டியைக் கடையில் நிறுத்திப் பார்த்தார். பேட்டரியிலிருந்து புறப்படும் கறுப்புக் கம்பியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். கம்பி அதன் நடுவே நுழைந்து போகும். அதுதான் அந்த சென்சார். கம்பியில் எவ்வளவு மின்சாரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கம்பியைத் தொடாமலே, அதைச் சுற்றி உண்டாகும் காந்தத்தை வைத்து உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பேட்டரி நிறைந்துகொண்டிருக்கிறது என்று அது சொன்னால், கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லும். வண்டியின் பசி எவ்வளவு என்பதை வண்டிக்கே சொல்வது அந்த வளையம் ஒன்றுதான்.

கடையில் அந்த வளையம் ஒழுங்காகவே பேசியது. எல்லாவற்றையும் அணைத்தால் பூஜ்யம். குளிர்பெட்டியைப் போட்டால் பன்னிரண்டு ஆம்பியர் வெளியே போகிறது என்றது. கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் அவருடைய கிளாம்ப் மீட்டரும் அதையே சொன்னது. மறுநாள் மைத்துனனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பெட்டிக்குள் அறுபத்தைந்து கிலோ மணல் மூட்டை அடுக்கி, பெட்டியை ஓடவிட்டு, இரண்டரை மணி நேரம் சுற்றுச்சாலையில் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து போனார். வண்டி நிற்கவில்லை. அதே எடை. அதே குளிர். அதே வெயில், அதே ஓட்டுநர்.

அன்று வீட்டுக்கு வந்து கை கழுவினார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சுவதைப் பிடிப்பதுதான் அவர் அறிந்த ஒரே வழி. இப்போது மிஞ்சியிருந்தது ஒன்றுதான். மணல் மூட்டைக்கும் பிணத்துக்கும் உள்ள வேறுபாடு.

அவர் மனைவி துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள், "என்னங்க, ஏதோ ஒரு ஒயர் அறுந்திருந்துச்சு, மாத்திட்டேன்னு அவன்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"மறுபடியும் நின்னா?"

"நிக்கும்போது பாத்துக்கலாம்."

"அப்போ அவன் என்னையும் நம்ப மாட்டான். தன்னையும் நம்ப மாட்டான்."

அவள் உள்ளே போனாள். இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் தெரியலை தெரியலை என்று சொல்லிச் சம்பாதித்த ஒரே மனிதர் நீங்கள்தான், என் தம்பிக்கு மட்டும் ஒரு தடவை தெரியும் என்று சொல்லக்கூடாதா என்று சமையலறையிலிருந்து கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது.

சனிக்கிழமை ஓர் உடல் போக வேண்டியிருந்தது. ஐந்து மணி நேரப் பயணம். அவர் உடன் போனார்.

மருத்துவமனையின் பின்வாசலில் காலை பத்தரைக்கு ஏற்றினார்கள். வயதான அம்மாள். மகன் தன் குடும்பத்தோடு முன்னால் காரில் போவதாக ஏற்பாடு. தெரியலையார் மகனோடு நின்று பெட்டியின் வார்ப்பட்டைகளை இழுத்துக் கட்டினார். அந்த நேரத்தில் மைத்துனன் முன்பக்கம் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்து மூடினான். பிறகு அவர் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியின் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்பதை அந்தக் கருவி எழுத்தில் காட்டும். பேட்டரிக்குள் பதினொரு ஆம்பியர் வருகிறது என்றது. என்ஜின் ஓடுகிறது, பேட்டரி நிறைகிறது. சரிதான்.

சாலை நேராகக் கிடந்தது. பின்னால் குளிர்பெட்டியின் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மைத்துனன் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான்.

பன்னிரண்டு மணியளவில் வோல்டேஜ் இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டு புள்ளி நான்கு. கொஞ்ச தூரம் போய்ப் பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஆம்பியர் மட்டும் அசையவில்லை. உள்ளே வருகிறது, பதினொன்று. பேட்டரி நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து ஆல்டர்னேட்டரை அடக்கி வைத்திருந்தது. நிறைகிறேன் என்று சொல்லிக்கொண்டே வண்டி காலியாகிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சிடுச்சா மாமா?" என்றான் அவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இருபுறமும் வெட்டவெளி. தொலைவில் ஒரு மின்கோபுர வரிசை. முன்னால் போன மகனுக்குப் போன் செய்து, பத்து நிமிடம் வண்டி ஆற வேண்டும் என்று சொன்னார்கள். என்ஜினை அணைத்தார்கள். விளக்கு, விசிறி, கடைசியில் குளிர்பெட்டி. சாவியை மட்டும் ஒரு கட்டம் திருப்பி, கம்ப்யூட்டர் விழித்திருக்கும்படி வைத்தார்.

ஸ்கேனரில் பதினொன்று.

என்ஜின் நின்றுவிட்டது. கொடுப்பதற்கு எதுவும் ஓடவில்லை. இருந்தும் எங்கிருந்தோ பதினொரு ஆம்பியர் பேட்டரிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்றது வண்டி. அந்த நேரத்தில் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி விட்டு இன்னொன்று.

"பெட்டித் தகரம் சூடேறுது," என்றார்.

"தெரியும் மாமா. எப்பவும் மூணு தடவை."

இருவரும் காத்திருந்தார்கள். மூன்றாவது வந்தது. தெரியலையார் இறங்கினார்.

பானெட்டைத் திறந்து, கொண்டுவந்திருந்த பைக் பேட்டரி ஒன்றைத் தனியாக இணைத்தார். பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்க அது ஒரு வழி. பிறகு கறுப்புக் கம்பியைப் பேட்டரியிலிருந்தே கழற்றித் தூக்கிப் பிடித்தார். இப்போது அந்த வளையத்துக்குள் ஓட ஒன்றுமே இல்லை. கம்பியின் ஒரு முனை காற்றில் தொங்கியது. ஸ்கேனரைப் படிக்கச் சொன்னார்.

"பதினொண்ணு," என்றான் மைத்துனன் உள்ளிருந்து. அவன் குரலில் பயம் இல்லை, ஒருவிதக் களைப்பு இருந்தது. நான் சொன்னேனே என்கிற களைப்பு.

அவர் வளையத்தையே கம்பியிலிருந்து உருவினார். அதன் இணைப்பு ஒயர் ஒரு சாண் தூரம் வரை வரும். வளையத்தை வெறும் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏழு. அஞ்சு. ரெண்டு... மாமா, என்ன பண்றீங்க? பூஜ்யம்."

மறுபடி பேட்டரியை நோக்கிக் கொண்டுபோனார். நான்கு. ஒன்பது. பேட்டரியின் பக்கவாட்டுக்கு இறக்கினார். பதினாறு. இன்னும் கீழே, இருட்டான இடத்தை நோக்கி. இருபத்துமூன்று. முப்பது. எண் ஏற ஏற அவர் கை எதையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அது அங்கே இருந்தது, வளையத்துக்கு அது தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. வளையத்தைக் கீழே விட்டுவிட்டு, பேட்டரித் தட்டின் அடியில் விரல்களை நுழைத்தார். தீப்பெட்டி அளவில் கதகதப்பான ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வர மறுத்தது. பெயர்த்து எடுத்தார்.

கறுப்பு டப்பா. அதன் முதுகில் பசை போட்டு ஒட்டிய ஒரு காந்தத் துண்டு. உள்ளே வண்டியின் மாற்றுச் சாவி.

மைத்துனன் இறங்கி வந்து நின்றான். டப்பாவைப் பார்த்தான். அவன் முகம் போன விதத்தில், இதை வைத்தது யார் என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. எப்போது வைப்பாய் என்று மட்டும் கேட்டார்.

உடல் ஏற்றும்போது மட்டும் என்றான். உடலை இறக்கியதும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் ஆபீஸ் மேஜையில் வைத்துவிடுவான். மாற்றுச் சாவி வெளியே போகக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதனால் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு நின்ற இடத்திலேயே, கையைப் பிசைந்துகொண்டு, மீதியைச் சொன்னான். வேலையில் சேர்ந்த முதல் மாதம், பட்டப்பகலில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கியிருக்கிறான். கதவு காற்றில் சாத்திக்கொண்டது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே, என்ஜின் ஓடுகிறது, குளிர்பெட்டி ஓடுகிறது, உள்ளே ஒரு பெண்ணின் உடல். பூட்டுத் திறக்கிறவர் வரும்வரை நாற்பது நிமிடம் கண்ணாடியில் முகத்தை வைத்து நின்றிருக்கிறான். பூட்டு உள்ளிருந்து போட்டதுபோல் இருந்தது என்றான். அதற்குப் பிறகு அவன் மாற்றுச் சாவி இல்லாமல் எந்த உடலோடும் போனதில்லை. டப்பாவோடு வந்த காந்தம் வலு இல்லாமல் இரண்டு முறை விழுந்துவிட்டது. சில மாதம் முன்பு வேறு பலமானதாகப் பார்த்து ஒட்டினான்; வண்டி நிற்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

"எங்கே எடுத்த?"

"உங்க கடையிலதான் மாமா. பழைய ஸ்பீக்கர்லேர்ந்து. குப்பைக் கூடைக்குள்ள கிடந்துச்சு."

தெரியலையார் கொஞ்ச நேரம் அந்த டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று அவர் சொல்லியிருக்கலாம். மூன்று நாளாக வீட்டில் எல்லோரும் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். அதற்குப் பதிலாக டப்பாவை அவன் கையில் கொடுத்தார். ஸ்கேனரை என்ஜின்மேல் அவன் பார்க்கும்படி வைத்தார். "நீயே பாரு," என்றார்.

அவன் டப்பாவை வளையத்தின் பக்கத்தில் கொண்டுபோனான். முப்பது. விலக்கினான். பூஜ்யம். மறுபடி கொண்டுபோனான். ஐந்தாறு தடவை. அவ்வளவு பக்கத்தில் காந்தம் இருக்கும்போது கம்பி சொல்வது வளையத்துக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் டப்பாவைக் கையில் இறுக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய், வண்டியின் பின்கதவின் பக்கத்தில் நின்று, அங்கிருந்து கத்தினான், "இப்போ எவ்ளோ?"

"பூஜ்யம்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"பூஜ்யம்தான் மச்சான்."

அவன் அங்கேயே சற்று நேரம் நின்றான். உள்ளே படுத்திருந்த அம்மாளிடம் ஏதோ சொன்னதுபோல் தெரிந்தது. மன்னிப்பாக இருக்கலாம். அவர் கேட்கவில்லை.

கம்பியை வளையத்தில் நுழைத்து மறுபடி பேட்டரியில் முறுக்கி மாட்டினார்கள். பைக் பேட்டரியையும் துணைக்கு வைத்ததில் வண்டி ஒரே முயற்சியில் எழுந்தது. வோல்டேஜ் பதினாலு புள்ளி ஒன்றுக்கு ஏறி அங்கேயே நின்றது. சாவியை டப்பாவிலிருந்து எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காந்தத்தை ஒரு துணியில் சுற்றித் தன் காலடியில் வைத்துக்கொண்டார் அவர். பூட்டு ஏன் தானாக விழும் என்பதையும் வழியில் சொன்னார்: ஓட்டுநர் இறங்கக் கதவு திறந்ததைக் கம்ப்யூட்டர் சரியாக உணராவிட்டால், அரை நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்கிற வண்டிகள் உண்டு, இது அந்த வகையா என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அவன் தலையாட்டினான். இருட்டுவதற்கு வெகுநேரம் முன்பே அந்த அம்மாளை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அவர் போன் ஆறாவது முறையாக ஒலித்தது. மனைவி. அவர் பேசாமல் போனை மைத்துனனிடம் கொடுத்தார். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். பட்டறைக்காரன் முதலாளியிடம் சொல்வதுபோல் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னான்: வளையம், பதினொன்று, டப்பா, காந்தம். நடுவில் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. பிறகு அக்கா சொன்னாள், அப்படியென்றால் திங்கட்கிழமை போக வேண்டாம், மருத்துவரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

"இல்லக்கா. போறேன்."

"அதான் வண்டியில கோளாறுன்னு தெரிஞ்சிடுச்சே தம்பி."

"வண்டிக்குத் தெரிஞ்சிடுச்சு. அந்த நாப்பது நிமிஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அந்தம்மா என்னைப் பாத்துட்டே இருந்த மாதிரி இருந்துச்சே, அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. டாக்டர்கிட்டகூட. படுக்கறதுக்குப் போகல. சொல்லிட்டு வரேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டாள் அக்கா. இன்னும் இல்லை என்றான்.

திங்கட்கிழமை தெரியலையார் கடையைத் திறக்கவில்லை. மைத்துனனோடு மருத்துவமனைக்குப் போய், வராந்தாவில் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவன் தனியாகத்தான் உள்ளே போனான். கதவை முழுசாகச் சாத்தாமல் இருக்கலாமா என்று அவன் கேட்டது வெளியே இருந்தவருக்குக் கேட்டது. உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். மருத்துவர் எழுந்து வந்து, அந்த நாற்காலியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தார்.